டிரைவருக்குப் பின்னால் உள்ள இருக்கை

நெய்வேலி,
4 நவம்பர் 2024

அன்புள்ள வளவா,

நம் குடும்ப வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய ஒரு முடிவு சென்ற சனிக்கிழமை எடுக்கப்பட்டது. அப்பா ஷிப்ட் பஸ்ஸில் இடம் மாறி உட்கார்ந்தார்.

இதை ஒரு வரியில் கடந்துபோக மனம் வரவில்லை. அப்பா பர்மனென்ட் ஆன நாளிலிருந்து இடது பக்கம் நான்காவது வரிசை, ஜன்னலோரம். கம்பெனி பஸ்ஸில் இருக்கைக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் பட்டா உண்டு. ஒருவர் விடுப்பில் போனாலும் அவர் மடியில் சாப்பாட்டுப் பையோடு அங்கே இருப்பதாகவே மற்றவர்கள் நடந்துகொள்வார்கள். டிரைவருக்குப் பின்னால் உள்ள இருக்கை மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. அடுத்து ரிட்டயர் ஆகப்போகிறவர் அதில் உட்காருவார். ஜூனில் சிவக்குமார் மாமா ரிட்டயர் ஆனதிலிருந்து அது அப்பாவுக்காகக் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு வருசம் கெடக்குது. இப்பவே போய் அங்க குந்திகினா, சாவ நாள் குறிச்சவன் மாதிரி இருக்கும்" என்று இவர் மறுத்துவந்தார்.

சனிக்கிழமை பேப்பரில் பல்கலைக்கழக கபடி அணிப் பட்டியல் வந்தது. ஏழாம் எண், ரெய்டர், ரா. வளவன். அன்று மதியம் பஸ் ஏறியவர் நேராகப் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தைவேல் மாமா எழுந்து நின்று கை தட்டினாராம். டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தாராம். மாநிலத்தில் ஆட்சி மாறியபோதுகூட அந்த பஸ்ஸில் இவ்வளவு நடக்கவில்லை என்கிறார்கள்.

சிவக்குமார் மாமாவின் கடைசி நாள் உனக்கு நினைவிருக்கும். பஸ் தன் வழித்தடத்தை விட்டு அவர் தெருவுக்குள் நுழைந்தது. ஹாரன் நிற்கவேயில்லை. மனிதர் கழுத்தில் ஆளுயர மாலையுடன் அந்த இருக்கையில் இருந்தார். அவரோடு இரண்டு வார்த்தைகூடப் பேசியிராத அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். அன்று மாலையே அப்பா நம் தெருமுனைக்குப் போய், பஸ் உள்ளே திரும்புமா என்று பார்த்துவிட்டு வந்தார். திரும்பும். முருங்கைக் கிளை ஒன்றை மட்டும் வெட்ட வேண்டும்.

உங்கள் கோச் விஜயராஜ் சார் முகாமில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார் என்று ஹாஸ்டல் வார்டன் சொன்னார். அதனால்தான் கடிதம். போனைக் கொடுப்பதற்கு முன் நீ வீட்டுக் குழுவில் கடைசியாகப் போட்ட செய்தி, "இந்த ஆப்பில் என் கோடு போட்டுச் சேருங்க, எனக்கு உதவியா இருக்கும்." கோடு என்பது ஆங்கிலத்தில் வளவன், பக்கத்தில் ஏழு. அப்பா அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை நீ உட்கார்ந்துகொண்டு படி. அது ஓட்டு என்று நினைக்கிறார். எத்தனை பேர் சேருகிறார்களோ அவ்வளவுக்கு மேலிடத்தில் உன் பெயர் ஏறும் என்று நம்புகிறார். புது இருக்கையில் உட்கார்ந்தவாறே பின்னால் திரும்பி வாக்குச் சேகரிக்கிறார்.

"ராயப்பா, இதுல என்னய்யா போடணும்?" என்று கேட்டிருக்கிறார் குழந்தைவேல் மாமா.

"கோடு போடு. வளவன், பக்கத்துல ஏழு. அவ்ளோதான்."

"காசு கேக்குதே?"

"டெபாசிட் கட்டாம எவன்யா எலெக்சன்ல நின்னிருக்கான்?"

என்னிடம் ஸ்கெட்ச் பேனா கொடுத்து, பெரிய எழுத்தில் அந்தக் கோடை ஒரு அட்டையில் எழுதித் தரச் சொன்னார். தமிழாசிரியை ஆயிற்றே, எழுத்து எடுப்பாக இருக்கும் என்றார். எழுதிக்கொடுத்தேன். டிரைவர் இருக்கையின் முதுகில் ஒட்டியிருக்கிறார்களாம்.

நீ நன்றாக ஆடு. ஜனவரியில் கம்பெனி அணிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் தேர்வு. மே 31 அப்பாவின் கடைசி நாள். நடுவில் உனக்கு வேலை கிடைத்துவிட்டால் இந்தக் குவார்ட்டர்ஸை உன் பெயருக்குக் கேட்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அம்மா இப்போதே உன் பெயரில் பெயர்ப்பலகை எழுத ஆள் பார்க்கிறாள். நான் தடுக்கவில்லை.

அன்புடன்,
அக்கா இசைப்பிரியா


கோயம்புத்தூர்,
11 நவம்பர் 2024

அக்கா,

உன்னைப்போல எனக்கு எழுத வராது. சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் நலம். முகாம் கடினமாக இருக்கிறது. காலையில் ஓட்டம், பிறகு ரப்பர் மேட்டில் பயிற்சி, மாலையிலும் பயிற்சி. சாப்பாடு பரவாயில்லை. முட்டை தருகிறார்கள்.

அந்த அட்டையை எடுத்துவிடச் சொல். அந்தக் கோடை அப்பா இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம். அது ஓட்டு இல்லை. சும்மா ஒரு விளையாட்டு ஆப். பசங்க எல்லோரும் வைத்திருக்கிறார்கள். நானும் வைத்திருந்தேன். அப்பா மாதிரி ஆட்களுக்கானது இல்லை.

இன்னொன்று. 23ஆம் தேதி ஆட்டம் யூடியூபில் வரும். பார்த்தால் பாருங்கள். ஆனால் அந்த ஆப்பில் என் பெயரில் யாரும் எதுவும் கட்ட வேண்டாம். இதை அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல். நான் இப்போது அவ்வளவு ஃபார்மில் இல்லை. என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்காக யாரும் நஷ்டப்படக் கூடாது.

அப்பா பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். இதுதான் சின்னது.

வளவன்


நெய்வேலி,
26 நவம்பர் 2024

வளவா,

உன் கடிதம் வந்தது. 'கண்டிப்பாகச் சொல்' என்று எழுதியிருந்தாய். கண்டிப்பாகச் சொன்னேன். அப்பா கடிதத்தை வாங்கித் தானே படித்தார். படித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருடி, எம்மா அடக்கம்! என்னவிட நல்லா ஆடுறவங்க இருக்காங்கன்னு எழுதுறான். இந்தக் காலத்துல எந்தப் பையன் எழுதுவான்?" என்றார்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்து பஸ்ஸுக்கு எடுத்துப்போனார். அங்கே உரக்கப் படித்திருக்கிறார். 'எனக்காக யாரும் நஷ்டப்படக் கூடாது' என்ற வரியை, கேட்டுக்கொண்டதற்கு இணங்க, இரண்டாம் முறையும் படித்திருக்கிறார். பஸ் உருகிவிட்டது. இப்படிப்பட்ட பையனுக்காகக் கட்டாமல் வேறு யாருக்காகக் கட்டுவது என்று, ஏற்கெனவே கட்டியவர்கள் இன்னும் கொஞ்சம் கட்டினார்கள். கட்டாமல் இருந்தவர்கள் வெட்கப்பட்டுக் கட்டினார்கள். ஓர் எச்சரிக்கைக்கு இவ்வளவு விளைவு இருந்து நான் பார்த்ததில்லை.

23ஆம் தேதி இவர்களுக்கு இரண்டாம் ஷிப்ட். உன் ஆட்டம் தொடங்கும்போது பஸ் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கொரு போன். டிரைவருக்காகக் குழந்தைவேல் மாமா நேர்முக வர்ணனை செய்தாராம். 'வளவன் ஐந்து புள்ளிக்கு மேல் எடுப்பான்' என்று ஒரு கட்டம் அந்த ஆப்பில் இருக்கிறது. பஸ் முழுக்க அதைத்தான் தொட்டிருக்கிறார்கள். நீ ஐந்து எடுத்தபோது சுரங்க வாசலில் பஸ் நின்றுவிட்டது. யாரும் இறங்கவில்லை. டிரைவரும் இறங்கச் சொல்லவில்லை.

வீட்டில் நானும் அம்மாவும் பார்த்தோம். கடைசி ரெய்டு. இடது பக்கம் போனாய். உன்னைச் சுற்றி ஆளே இல்லை. யாரும் துரத்தவில்லை. பக்கக் கோட்டை மிதித்து வெளியே போனாய். நடுவர் கை தூக்கினார். ஒரு புள்ளியில் உங்கள் அணி தோற்றது.

அம்மாவுக்குக் கபடியில் ஒன்றும் தெரியாது. கோடு எதற்கு என்றுகூட அன்று காலையில்தான் நான் சொல்லிக்கொடுத்தேன். அவள் டிவியைப் பார்த்தபடியே கேட்டாள், "கோட்டப் பாத்துகினுதானேடி மிதிச்சான்?"

 கைபேசியில் அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நீ குனிந்து பார்க்கிறாய். பிறகு மிதிக்கிறாய்.

அப்பா ஷிப்ட் முடிந்து ராத்திரி வந்து, "கால் வழுக்கிடுச்சு. புது மேட்டு. என்னா பண்ணுவான்" என்றார். பஸ்ஸிலும் எல்லோரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்களாம். மிகவும் சீக்கிரமாக ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

நான் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்துகிறவள். எந்த வரி மனமறிந்து எழுதியது, எது கைதவறியது என்று எனக்குத் தெரியும். 11ஆம் தேதிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பே, அன்று என்ன நடக்கும் என்று உனக்குத் தெரிந்திருந்ததா?

இதற்குப் பதில் எழுது. மற்றதெல்லாம் வேண்டாம். முட்டையைப் பற்றி எழுதாதே.

இசைப்பிரியா


கோயம்புத்தூர்,
9 டிசம்பர் 2024

அக்கா,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். மீதியையும் எழுதுகிறேன்.

போன வருடம் முழங்கால் அடிபட்டு மூன்று மாதம் சும்மா இருந்தேன் இல்லையா, அப்போது ஆரம்பித்தது. ரெய்டு போனால் முப்பது நொடி. அந்த முப்பது நொடியில் வேறு எதுவும் இருக்காது. வீடு, பரீட்சை, பசி எதுவும். மூன்று மாதம் அது இல்லாமல் இருந்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் கிரிக்கெட்டுக்குக் கட்டியபோது அது திரும்பக் கிடைத்தது. கால் சரியானது. இது போகவில்லை. மேட்டில் நிற்கும்போதும் போனை நினைத்தேன். எவ்வளவு இழந்தேன் என்று எழுதமாட்டேன். நீ கூட்டிப் பார்ப்பாய்.

என் கோடில் ஆள் சேர்ந்தால் அந்த ஆப்பில் எனக்குக் கட்டுவதற்குப் புள்ளி தருவார்கள். அதனால்தான் 'உதவியா இருக்கும்' என்று போட்டேன். அது பொய் இல்லை.

23ஆம் தேதி ஆட்டத்தில் நான் ஐந்து புள்ளிக்கு மேல் எடுக்கமாட்டேன் என்று நானே கட்டினேன். ஹாஸ்டல் அறையில் என்னோடு இருக்கும் பிரவின்குமார் ஆட்டக்காரன் இல்லை, அதனால் அவனிடம் போன் இருந்தது. அவன் பெயரில் கட்டினேன். இந்த ஒரு தடவை என்று நினைத்தேன். அணி ஜெயிக்கும், நான் மட்டும் குறைவாக எடுப்பேன், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்தேன். ஒரு புள்ளியில் தோற்போம் என்று நினைக்கவில்லை. பஸ் ஞாபகம் வந்துதான் கடிதம் போட்டேன். அதை அப்பா உரக்கப் படிப்பார் என்று நினைக்கவில்லை.

ஆட்டத்தைப் பார்த்த யாரோ வீடியோவோடு புகார் கொடுத்தார்கள். பிரவின்குமார் பயந்துபோய் விஜயராஜ் சாரிடம் சொல்லிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சார் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் ஜெர்சியை வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். மடிக்காமல் வைத்திருக்கலாம்.

விசாரணைக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். மூன்று பேர். சார் வாங்கி வைத்திருந்த என் போனைத் திறக்கச் சொன்னார்கள். அந்த ஆப்பில் 'உங்கள் குழு' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் முப்பத்தெட்டு பேர். எல்லோரும் நெய்வேலி.

"ஒரே ஊரில் இத்தனை பேர் உனக்குக் கீழே. நீதான் ஏஜென்ட், இல்லையா?"

"இல்லை சார். அது பஸ் சார்."

"எந்த பஸ்?"

"எங்க அப்பா போற ஷிப்ட் பஸ் சார்."

ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர் அவர்கள் எதில் கட்டினார்கள் என்று பார்த்தார். முப்பத்தெட்டு பேரும் நான் எடுப்பேன் என்று கட்டியிருந்தார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இவங்ககிட்டகூட நீ சொல்லலையா?" என்றார். நான் செய்ததிலேயே அதுதான் பெரிய குற்றம் என்பதுபோலக் கேட்டார்.

சொல்லியிருந்தால் கூட்டுச் சதி. சொல்லாததால் ஏமாற்று. ஏஜென்ட் என்று முடிவானால் போலீஸுக்குப் போகும் என்கிறார்கள். அடுத்த விசாரணை பொங்கலுக்கு முன்னால்.

அப்பாவிடம் சொல்லாதே. நானே வந்து சொல்கிறேன்.

வளவன்


நெய்வேலி,
6 ஜனவரி 2025

வளவா,

அப்பாவிடம் சொல்லாதே என்று நீ எழுதிய கடிதத்தை அப்பாதான் என்னிடம் கொடுத்தார். தபால்காரர் வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். மகன் கடிதம் என்று பிரித்திருக்கிறார். அவர் செய்ததில் தவறு காண முடியவில்லை. உன் கடிதங்களைப் பொதுச்சொத்தாக்கிப் பழகியவர்.

படித்து முடித்து என்னிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "ஏஜென்ட்டுன்னா, இன்சூரன்சு ஏஜென்ட் மாதிரியா?"

இல்லை என்றேன். தலையாட்டிக்கொண்டார். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. பெயர்ப்பலகைக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும்படி மறுநாள் காலையில் என்னை அனுப்பினாள். அவன் 'வ' எழுதி முடித்திருந்தான்.

அன்று அப்பா பஸ்ஸில் ஏறி, அட்டையைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். இறங்கும் முன் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "எம்புள்ள தெரிஞ்சேதான் கோட்ட மிதிச்சான். ஒங்ககிட்ட அந்தக் கோடு குடுத்தது நானு. ஆளாளுக்கு எவ்ளோ போச்சுன்னு சொல்லுங்க, ரிட்டயர் பணத்துல தந்துடுறேன்."

யாரும் தொகை சொல்லவில்லை. குழந்தைவேல் மாமா, "எலெக்சன்தானே ராயப்பா. தோத்துட்டோம். டெபாசிட் போச்சு. வுடு" என்றார். பஸ் சிரித்தது. ஒருவர் அப்பாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். இன்னொருவர் ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டார்.

அவர்கள் கொஞ்சம் திட்டியிருந்தால் அப்பா அந்த பஸ்ஸில் மே வரை போயிருப்பார் என்று நினைக்கிறேன். மறுநாள் சைக்கிளை எடுத்துத் துடைத்தார். காற்றடித்தார். இந்தப் பனியில், இந்த வயதில், சுரங்கம் வரை சைக்கிளில் போகிறார். டாக்டர் நடக்கச் சொன்னதாக அம்மாவிடம் சொல்கிறார். சைக்கிளுக்கும் நடைக்கும் உள்ள வேறுபாட்டை அம்மா எடுத்துக்காட்டவில்லை. பஸ் இவரைத் தாண்டிப்போகும்போது டிரைவர் ஹாரன் அடிப்பதில்லை, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். அது இன்னும் மோசம் என்று அப்பா சந்து வழியாகப் போகத் தொடங்கியிருக்கிறார். டிரைவருக்குப் பின்னால் உள்ள இருக்கை மறுபடி காலியாக ஓடுகிறது. பட்டா மாற்றப்படவில்லை.

பள்ளியில் ஆசிரியர் அறையில், "உங்க தம்பி ஆட்டம் எப்ப டீச்சர்?" என்று கேட்கிறார்கள். முழங்கால் வலி என்கிறேன். அந்தப் பொய்யை உன்னிடமிருந்து கடன் வாங்கவில்லை. எனக்கே வந்தது. அந்த அட்டையை எழுதிய கை என்னுடையது. எழுத்து எடுப்பாகத்தான் இருந்தது.

ஒரு விஷயம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அப்பா வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு, கடலூரில் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறு காலையில்தான் வந்தார். எந்தச் சங்கமும் இரண்டு இரவு கூடிப் பேசி நான் கேள்விப்பட்டதில்லை. காடாம்புலியூரில் முந்திரிப்பருப்பு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் எங்கே போனார் என்று உனக்குத் தெரியுமா?

இசைப்பிரியா


கோயம்புத்தூர்,
19 ஜனவரி 2025

அக்கா,

இங்கேதான் வந்தார்.

விசாரணையை முன்னாலேயே வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை. என்னை மாடி வராண்டாவில் காத்திருக்கச் சொன்னார்கள். அப்பா படியேறி வருவதைத் தூண் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெள்ளைச்சட்டை கசங்கியிருந்தது. வார்டனிடம் போனில் தேதி கேட்டுக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறார். பியூனிடம் பெயர் சொன்னார். உள்ளே விட்டார்கள். கதவைச் சாத்தவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நின்றுகொண்டேன் என்பது தப்பு. ஒளிந்துகொண்டேன்.

உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை.

"சார், அந்தக் கோட பஸ்ல குடுத்தது நானுங்க. பையன் வேணாம்னு லெட்டர் போட்டான். நான் கேக்கல. நான் அது ஓட்டுன்னு நெனச்சிகினேன்."

"என்ன ஓட்டு?"

"பையன் மேல வரதுக்கு ஓட்டு சார். நெறைய பேரு போட்டா எடுப்பாங்கன்னு நெனச்சேன்."

 அப்பா சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தார். கிழிந்த அட்டை. இரண்டு துண்டு. சேர்த்து வைத்துக் காட்டினார். "எம்பொண்ணுதான் எழுதிச்சு. டீச்சர்" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, அக்கா. அந்த இடத்திலும்.

போன தடவை சிரித்தவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "கோட்டை மிதிச்சதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அதுக்கு நான் ஒண்ணும் சொல்லமுடியாதுங்க. அது அவன் கால்."

வெளியே வந்து பியூனிடம் முந்திரிப் பொட்டலத்தைக் கொடுத்து, "வளவன்னு ஏழாம் நம்பர் பையன். குடுத்துடுப்பா" என்றார். பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று கேட்டார். பியூன் தவறாக எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியான பக்கம் எது என்று எனக்குத் தெரியும். நான் வெளியே வரவில்லை.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான்கு வருடம் தடை. எந்தப் போட்டியிலும் ஆட முடியாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் எல்லா அணிகளுக்கும் தகவல் போகும். ஏஜென்ட் என்பதை எடுத்துவிட்டார்கள். அப்பா வந்து சொன்னதால் என்று எழுத்திலேயே போட்டிருக்கிறார்கள். போலீஸ் இல்லை. கம்பெனித் தேர்வு 27ஆம் தேதி. போக வேண்டியதில்லை.

பொங்கலுக்கு வருவேன் என்று அம்மா நினைத்திருப்பாள். முடியவில்லை. முந்திரியை என்னால் பிரிக்க முடியவில்லை. பிரவின்குமார் சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்றான்.

இதையும் எழுதிவிடுகிறேன். அன்று தூணுக்குப் பின்னால் நிற்கும்போது, தடை இரண்டு வருடமா நான்கு வருடமா, எதில் கட்டினால் ஆப்காரன் எவ்வளவு கொடுப்பான் என்று மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போதே. அடுத்த வாரம் மெஸ்ஸில் வேலை செய்கிறவரின் போனை வாங்கி ஒரு தடவை கட்டினேன். ஜெயித்தேன். அன்று ராத்திரி முழுக்க வாந்தி. இப்போது வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரைப் பார்க்கிறேன். விஜயராஜ் சார்தான் முதல் நாள் பைக்கில் கொண்டுபோய் விட்டார்.  வாசலில், "எத்தனை மணிக்கு வந்து கூட்டிகிட்டுப் போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

படிப்பு முடிய ஒரு செமஸ்டர் இருக்கிறது. முடித்துவிட்டு இங்கேயே ஏதாவது பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று. மே 31க்கு வரலாமா? வீட்டுக்குள் வரமாட்டேன். பஸ் நம் தெருவுக்குள் திரும்பும்போது முருங்கை மரத்துப் பக்கம் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். அப்பாவிடம் கேட்டு எழுது. கேட்க முடியாவிட்டால் நீயே முடிவு செய்து எழுது.

வளவன்


நெய்வேலி,
2 ஜூன் 2025

வளவா,

ஜனவரிக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். அப்பாவிடம் கேட்கவில்லை. நானும் முடிவு செய்யவில்லை. இரண்டையும் தள்ளிப்போட்டதில் தேதி தாண்டிவிட்டது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அப்பா அதைப் பயன்படுத்த விரும்பவில்லை. காடாம்புலியூரில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம். முந்திரித் தோப்பை ஒட்டி இருக்கிறது. இரண்டு அறை. எனக்குப் பள்ளிக்கு பஸ் இருக்கிறது. நீ ஜெயித்த கோப்பைகளை என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டியாயிற்று. எடை அதிகமில்லை. எல்லாம் தகரம்.

உன் டாக்டரைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். எந்தக் கிழமை என்று கேட்டாள். வியாழன்தோறும் காலையில் ஒரு விளக்கு ஏற்றுகிறாள். உனக்காக என்று சொல்வதில்லை. வியாழன் நல்ல நாள் என்கிறாள்.

மே மாதத்தில் குழந்தைவேல் மாமா இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். கடைசி நாளன்று மட்டுமாவது பஸ்ஸில் வரவேண்டும், மாலைக்குச் சொல்லியாயிற்று, டிரைவர் வண்டியைக் கழுவி வைக்கப்போகிறார் என்றார். "ஒனக்காக இல்லய்யா, எங்களுக்காக வா" என்றார். அப்பா அவருக்குத் தேநீர் போடச் சொன்னார். ஷிப்ட், மழை, முந்திரி விலை எல்லாம் பேசினார்கள். வாசல்வரை போய் வழியனுப்பினார்.

புது முகவரியை அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கதவு எண் இல்லை. ராயப்பன் வீடு என்று எழுதினால் வந்துவிடும்.

31ஆம் தேதி அப்பாவுக்கு முதல் ஷிப்ட். மதியம் மூன்று மணிக்குச் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். வரும் வழியில் அரை லிட்டர் பால் வாங்கி வந்தார்.

இசைப்பிரியா